தகரை வறையும் பிஜ்னோர்க் குழந்தைகளும்

ஐப்பசியில் இரண்டு மழை நிலத்தை நனைத்துவிட்டால் போதும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெறுங்காணிகளிலும் ஒழுங்கைக் கரைகளிலும் எவரும் விதைக்காத செடியொன்று அடர்ந்து முளைத்துவிடும். அதற்குப் பெயர் தகரை. ஊசித்தகரை என்பாரும் உளர். ஒரு காம்பில் மூன்று சோடி இலைகள். நுனி கூராக இராது, வட்டமாக இருக்கும். மாலையானதும் அவை ஒன்றோடொன்று பொருந்திக் கூம்பிக்கொள்ளும். கையில் வைத்துக் கசக்கினால் முகஞ் சுளிக்க வைக்கும் நாற்றமொன்று எழும். இந்த நாற்றத்தை அறிந்தவர்கள் இதனை உண்ணலாம் என்று சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள். ஆனால் இதன் வறையை உண்டு வளர்ந்தவர்களுக்கு மழைக்காலம் என்றாலே அந்தச் சுவைதான் நினைவுக்கு வரும்.

கொழுந்தும் இளம் இலையுமாகக் கிள்ளி எடுத்து, பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் கழித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, மிக மெல்லியதாக அரிவார்கள். கவனமுள்ளவர்கள் அரிந்த இலையைக் கொதிநீரில் மூடாமல் அவித்து, அந்த நீரை ஊற்றிப் பிழிந்த பின்னரே சட்டிக்கு எடுப்பார்கள். சட்டியில் சிறிது நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. அவை வதங்கியதும் கீரை. இறக்கும் தறுவாயில் மஞ்சளும் உப்பும் தேங்காய்ப்பூவும். நாற்றம் போன இடம் தெரியாது. கசப்பு மாத்திரம் நாவின் அடியில் மெல்லிதாக நிற்கும். குத்தரிசிச் சோற்றுக்கு அது போதும்.

என் அம்மம்மாவிடம் தகரைக்கு இரண்டு விதிகள் இருந்தன. பூத்த செடியில் கை வைக்கக்கூடாது என்பது முதலாவது. பூ வந்துவிட்டால் இலை முற்றிக் கசக்கும், வயிற்றையும் இளக்கிவிடும். பிள்ளைகளைத் தனியாகக் கீரை பிடுங்க விடக்கூடாது என்பது இரண்டாவது. முதல் விதிக்கு அவர் காரணம் சொல்வார். இரண்டாவதற்கு ஒருபோதும் சொன்னதில்லை. அந்த இரண்டாவது விதியின் காரணத்தை, அவர் கேள்விப்பட்டேயிராத வட இந்தியக் கிராமங்களில் இறந்துபோன குழந்தைகளைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகளில்தான் பல ஆண்டுகளுக்குப் பின்னர் நான் வாசித்தேன்.

உணவின் வரலாற்றை எழுதியவர்கள் நெல்லையும் குரக்கனையும் குளங்களையும் இறக்குமதிக் கணக்குகளையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனதையும், அதனைத் தொடர்ந்து வந்த பங்கீட்டையும் ஆவணங்களில் காணலாம். 1973 இல் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டதையும், 1990 இன் பின்னர் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையையும் எங்கள் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. ஆனால் அரிசி வராத அந்த நாட்களில் சட்டிக்குள் என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பதில் ஆவணங்களில் இல்லை. முசுட்டை, முல்லை, சாரணை, தகரை ஆகிய பெயர்கள் எந்தப் புள்ளிவிபரத் திரட்டிலும் இடம்பெறவில்லை. அவை விற்கப்படவில்லை, ஆதலால் எண்ணப்படவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது கொட்டும் மழையில். அதாவது தகரை முளைக்கும் பருவத்தில். அடுத்த வாரங்களில் அயலவர் காணிகளின் வேலியோரத்தில் எதை ஒடிக்கலாம், எதை ஒடிக்கக்கூடாது என்று அறிந்த முதியவள் ஒருத்தி கூட இருந்த குடும்பம் சற்றுக் கொடுத்துவைத்த குடும்பம்.

நிற்க. தகரையை அறிவியல் உலகம் அறிந்துகொண்டதே இலங்கையிலிருந்துதான் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672 இல் இங்கு வந்த ஜேர்மனியரான பவுல் ஹெர்மன், கொழும்பைச் சுற்றிய பகுதிகளில் செடிகளைச் சேகரித்து உலர்த்திக் கடதாசியில் ஒட்டி, ஊரவர் வழங்கிய பெயர்களையும் குறித்துக்கொண்டார். அவர் பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1695 இல் காலமானார். அவருடைய சேகரிப்பு கைமாறிக் கைமாறி, கோப்பன்ஹேகனில் மருந்துக் கடை வைத்திருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. 1744 இல் அது சுவீடனின் லின்னேயஸுக்கு அனுப்பப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டே 1747 இல் 'ஃபுளோரா சிலானிக்கா' என்ற நூலை அவர் வெளியிட்டார். இலங்கையில் ஒருபோதும் கால்வைக்காத ஒருவர் இலங்கையின் செடிகளைப் பற்றி எழுதிய நூல் அது. அந்த உலர்ந்த செடிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

தகரையைச் சிங்களத்தில் 'பெத்தி தோர' என்பார்கள். அந்தத் 'தோர'வே லின்னேயஸ் சூட்டிய 'காசியா தோரா' என்ற இலத்தீன் பெயரில் இன்றுவரை நிற்கிறது. பின்னாளில் 'காசியா' என்ற குலப்பெயர் 'சென்னா' என மாற்றப்பட்டபோதும் 'தோரா' மாறவில்லை. ஹெர்மனுக்கு அந்தப் பெயரைச் சொன்னவர் யார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. காட்டில் இலை பறிக்கும் ஒரு கிழவியாக இருந்திருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட பெருநூலில் தகரை 376 ஆம் பக்கத்தில் உள்ளது. அடுத்த பக்கத்தில், 377 இல், 'மேற்குத் திசைக்குரியது' என்று பொருள்படும் 'ஒக்சிடெந்தாலிஸ்' என்ற பெயரில் அதன் இனத்துச் செடியொன்று இருக்கிறது. 379 இல் நாங்கள் ஆவரசு என்று அழைக்கும், பூவைத் தேநீர் போல் அவித்துக் குடிக்கும் செடி. மூன்றும் ஒரே குடும்பம். மூன்றும் மஞ்சட் பூ. இவற்றுள் நடுவில் நிற்பவன்தான் இந்தக் கட்டுரையின் வில்லன்.

அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிவிட்ட அந்தச் செடியைத் தமிழ் மருத்துவ நூல்கள் பேயாவிரை என்றும் பொன்னாவிரை என்றும் குறிப்பிடுகின்றன. 'பேய்' என்று ஒருவர் பெயர் வைத்தார், 'பொன்' என்று இன்னொருவர் வைத்தார். இரண்டிற்கும் காரணம் இருந்திருக்கும். சிங்களத்தில் 'பெனி தோர'. அதுவும் ஒரு தோரதான். அதன் விதையைக் கருக வறுத்து இடித்துக் கோப்பிக்குப் பதிலாகக் குடிக்கும் வழக்கம் ஆபிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் பரந்து இருந்தது. ஜப்பானில் 'ஹபுச்சா' என்ற பானம் முதலில் இந்த விதையிலிருந்தே செய்யப்பட்டது. இப்போது அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் தகரைக்கு மிக நெருங்கிய வேறொரு செடியின் விதை. பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பொருள் மாறிவிட்டது. மூலிகை என்று பொதி செய்து விற்கப்படும் எதையும் பெயரை மட்டும் நம்பி வாங்குபவர்கள் இதனை மனத்திற் கொள்ளலாம்.

வறுக்கும் சூட்டில் பேயாவிரை விதையின் நஞ்சு குறைகிறது. வறுக்காத விதையின் கதை வேறு. சோளத்தோடும் சோயாவோடும் சேர்ந்து அறுவடையாகும் இவ்விதையைத் தின்ற மாடுகளும் பன்றிகளும் கோழிகளும் தசை அழிந்து எழமுடியாமல் விழுந்து இறப்பதை அமெரிக்காவிலும் பிரேசிலிலும் கால்நடை வைத்தியர்கள் பல தசாப்தங்களாக எழுதி வந்திருக்கிறார்கள். மாட்டு வைத்தியர்கள் அறிந்திருந்ததை மனித வைத்தியர்கள் அறிவதற்கு இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

உத்தரப் பிரதேசத்தின் மேற்கில் கங்கைக் கரையோரம் உள்ள மாவட்டம் பிஜ்னோர். கரும்பு விளையும் பூமி. அங்கும் அண்டைய சகாரன்பூர் முதலான மாவட்டங்களிலும் ஆண்டுதோறும் மழைக்காலம் ஓய்ந்ததும், செப்டெம்பர் தொடங்கி டிசெம்பர் வரை, சிறு குழந்தைகள் திடீரென இறந்துகொண்டிருந்தார்கள். நேற்று விளையாடிக்கொண்டிருந்த குழந்தை இன்று வாந்தி எடுக்கும், பின்னர் தாயை அடையாளம் தெரியாததுபோல் வெறிபிடித்துக் கத்தும், பின் நினைவிழக்கும். நோயுற்றவர்களிற் பெரும்பாலானோர் சில நாட்களுக்குள் இறந்தனர். எல்லாம் ஏழைக் கிராமத்துக் குழந்தைகள், பெரும்பாலும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். பத்திரிகைகள் இதற்கு 'மர்ம நோய்' என்று பெயரிட்டன. செய்தியாளனாக எனக்கு இந்த 'மர்மம்' என்ற சொல்லின் மேல் எப்போதும் ஐயம் உண்டு. போதிய ஆட்களிடம் போதிய கேள்விகள் கேட்கப்படவில்லை என்பதே அநேகமாக அதன் பொருள்.

அதிகாரிகளின் முடிவு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்பதாக இருந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் 2005 இல் அந்நோய் பெருமளவில் குழந்தைகளைக் கொன்றிருந்தது. மூளை பாதிக்கப்பட்ட குழந்தை என்றதும் வைரஸ், நுளம்பு, தடுப்பூசி என்று சிந்தனை ஓடுவது இயல்பு. ஆனால் பிஜ்னோரில் குழந்தை வைத்தியராகப் பணியாற்றிய விபின் வசிஷ்டாவுக்கு இது பொருந்தி வரவில்லை. மூளைக்காய்ச்சல் எனில் முள்ளந்தண்டு நீரில் வெண்குருதிக் கலங்கள் கூடியிருக்க வேண்டும், இக்குழந்தைகளில் அவ்வாறில்லை. காய்ச்சலும் கடுமையாக இல்லை. மாறாக ஈரல் நொதியங்கள் குருதியில் பன்மடங்கு ஏறியிருந்தன, தசை நொதியங்களும் ஏறியிருந்தன. ஈரல், தசை, மூளை ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் தாக்கும் வைரஸ் எது? அவ்வாறு தாக்கக்கூடியது ஒரு நஞ்சு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய வைரஸ் நிபுணர் ரி. ஜேக்கப் ஜோனும் இந்த ஆய்வில் இணைந்துகொண்டார். வைரஸ்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர் 'இது வைரஸ் அல்ல' என்று சொல்ல நேர்ந்தது கவனிக்கத்தக்கது. அவர்கள் செய்தது பெரிய ஆய்வுகூட வேலை அல்ல. நோயுற்ற குழந்தைகளின் வீட்டாரிடமும், அதே வயதில் நோயுறாத குழந்தைகளின் வீட்டாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். பிள்ளை என்ன தின்றது? எங்கே விளையாடியது? விடை வேலியோரத்தில் இருந்தது. நோயுற்ற குழந்தைகள் பேயாவிரைக் காயை உரித்து உள்ளிருந்த பச்சை விதைகளைத் தின்றிருந்தார்கள். பார்வைக்கு அது அவரை இனத்துப் பிஞ்சு போலத்தான் இருக்கும். 2007 இல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் இம்முடிவு வெளியாயிற்று. 2015 இல் லக்னோ நச்சியல் ஆய்வு நிறுவனத்தினர் இவ்விதையில் உள்ள அந்திரகுவினோன் வகை நச்சுப் பொருட்களை நோயுற்ற குழந்தைகளின் உடலிலேயே இனங்கண்டனர். நஞ்சு முறிப்பு மருந்து இதற்கு இல்லை.

ஏன் அங்கே, ஏன் அந்தக் குழந்தைகள் என்ற கேள்வி எஞ்சுகிறது. செடி அங்கு மட்டும் இல்லை. இந்தியா முழுவதும் இருக்கிறது, இங்கும் இருக்கிறது. பெற்றோர் வயலில் கூலிக்கு நிற்க, நாலு வயதுக் குழந்தை இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில்தான் வேலியோரக் காய் உணவாகும். பசியும் தனிமையும் சேர்ந்த இடம் அது. தின்னக்கூடிய செடி எது, தின்னக்கூடாதது எது என்ற அறிவு அந்தக் கிராமத்துக் கிழவிகளிடம் இல்லாமலா இருந்திருக்கும்? செடியின் பக்கத்தில் அந்த வேளையில் கிழவி இல்லை, அவ்வளவுதான். என் அம்மம்மாவின் இரண்டாவது விதியின் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே கதை ஒடிசாவில் நிகழ்ந்தது. 2016 இன் பிற்பகுதியில், மாநிலத்தின் தென்கோடியில் பழங்குடி மக்கள் வாழும் மல்கான்கிரி மாவட்டத்தில், ஏறக்குறைய நூறு குழந்தைகள் சில வாரங்களுக்குள் இறந்தனர். மீண்டும் மூளைக்காய்ச்சல் என்றார்கள். பன்றிகளைப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். சில குழந்தைகளுக்கு மெய்யாகவே அந்த வைரஸ் இருந்தது. மீண்டும் ஜேக்கப் ஜோன் தலைமையில் குழுவொன்று போயிற்று. பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் வேலியோரத்துப் பேயாவிரைதான் என்று குழு கண்டது. ஒடியா மொழியில் தகரைக்குப் பெயர் 'சக்குண்டா'. மழைக்காலத்தில் அதன் இளங்கொழுந்து அங்கும் கீரை. பேயாவிரைக்குப் பெயர் 'படா சக்குண்டா', அதாவது பெரிய தகரை. சின்னத் தகரையின் இலையை ஆடி மாதம் தாய் சமைத்துத் தருகிறாள். பெரிய தகரையின் காயை ஐப்பசியில் பிள்ளை தானே பறித்துத் தின்கிறது. பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. சோற்றுக்கும் சாவுக்கும் இடையில் அங்கே இருந்தது அந்த ஒரு சொல்.

இங்கே ஒரு குறுக்குச் செய்தி. எங்கள் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. கார்த்திகைப் பூவின் கிழங்கு அது. கலப்பை வடிவில் கவடு விட்டிருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் அழைப்பார்கள். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் பலர். அதில் உள்ள கொல்கிசின் என்ற நஞ்சு அவிப்பதால் போகாது. முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும். உயிர் தப்பினால் ஓரிரு வாரங்களில் உடலிலுள்ள மயிர் முழுவதும் கொட்டும். இவ்வாறு மயிர் கொட்டிய இலங்கை நோயாளி ஒருவரைப் பற்றி 1966 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் கட்டுரை ஒன்று வெளியாகியிருக்கிறது. நாங்கள் பாட்டிலும் கொடியிலும் ஏற்றிவைத்த மலர்; தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான். அதன் வேர் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2021 இல் ஆப்கானிஸ்தானிலிருந்து போலந்துக்கு வந்து சேர்ந்த அகதிக் குடும்பமொன்று, வார்சோவுக்கு அண்மையிலுள்ள முகாமைச் சூழ்ந்த காட்டில் காளான் பறித்துச் சமைத்தது. ஐந்தும் ஆறும் வயதான சகோதரர் இருவர் இறந்தனர். ஐரோப்பாவின் மிகக் கொடிய காளான் அது. பார்வைக்கு நல்ல காளான்களை ஒத்திருக்கும். செடி கொடிகளைப் பற்றிய அறிவு ஒரு நிலத்துக்கு உரியது; பெட்டியில் வைத்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ பூங்காவின் ஓரத்தில் முசுட்டை போலவோ சாரணை போலவோ ஒன்றைக் கண்டு ஆசைப்படுபவர்கள், அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவர் கையில் எடுத்துக் காட்டும்வரை அதைச் சட்டிக்குள் போடாமல் இருக்கவேண்டும். இணையத்துப் படம் போதாது. கைபேசியில் படமெடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. அவை பெயரைச் சொல்லும். தவறிவிட்டால் பொறுப்பேற்க மாட்டா.

இனித் தகரைக்குத் திரும்புவோம். கேட்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது வருமாறு. தகரையில் இலைச் சோடி மூன்று, நுனி வட்டம், காய் ஊசிபோல் மெலிந்து நீண்டு வளைந்திருக்கும். ஊசித்தகரை என்ற பெயர் அதனால் வந்தது போலும். பேயாவிரையில் சோடி நான்கு முதல் ஆறு வரை, இலை நுனி கூர், காய் தட்டையாக, ஓரம் வெளிறி, மேல்நோக்கிச் சற்று வளைந்து நிற்கும். நாற்றத்தை வைத்துப் பிரிக்க இயலாது, இரண்டும் நாறும். மூன்று சோடி இருந்தால் மட்டும் போதாது. ஒரு செடியின் அடியிலும் நடுவிலும் நுனியிலும் இலைகளை எண்ணிப் பார்க்கவேண்டும். முற்றாத இலைதான் உணவு. விதையும் காயும் எந்தத் தகரையிலும் உணவல்ல. இலையிலும் மலமிளக்கும் பொருள் உண்டு. ஆதலால் மழைக்காலத்தில் இடைக்கிடை ஒரு கைப்பிடி வறையாக உண்பதற்கே அது உரியது. நாள்தோறும் உண்பதற்கு அல்ல. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் எங்கள் வீட்டில் தகரை கொடுப்பதில்லை. மலையாளத்தார் கர்க்கடக மாதத்தில் பத்து இலைகளைச் சேர்த்துச் சமைக்கும் வழக்கத்திலும் பல இடங்களில் தகரைக்கு இடம் உண்டு. பத்தில் ஒன்றாகத்தான் அது சேர்கிறது. எல்லா இலையிலும் சிறிது, எதிலும் மிகுதி இல்லை. யாழ்ப்பாணத்தில் பல இலைகளைக் கலந்து வறை செய்வதும் இந்த எண்ணத்தில் பிறந்ததாக இருக்கலாம்.

பிஜ்னோரில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். காரணம் தெரிந்த பின்னர் வசிஷ்டாவும் மற்றவர்களும் ஊரூராகச் சென்று தாய்மாருக்குச் செடியைக் காட்டினார்கள். காய்ப்பதற்கு முன்னர் பிடுங்கச் சொன்னார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளும் இம்முறை சரியான பெயரோடு எழுதின. ஆண்டுதோறும் வந்த நோய் அப்பகுதியில் மிகவும் அருகிப் போனதாக அவரும் ஜேக்கப் ஜோனும் 2020 இல் எழுதினார்கள். அதற்கு முன்னர் எத்தனை ஆண்டுகள் எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்ற முழுக் கணக்கு எவரிடமும் இல்லை.

2017 இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட பின்னர், மீளக் குடியேறிய சிலரைச் சந்திக்கப் போயிருந்தேன். இருபத்தேழு ஆண்டுகள் மனிதர் புழங்காத காணிகள். வீட்டுச் சுவர்களுக்குள் மரங்கள் நின்றன. முகாமிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கு முளைத்திருந்த எதற்கும் பெயர் தெரியவில்லை. அவர்களுக்கு எல்லாமே 'பற்றை'. ஒரு வீட்டில் எழுபது வயது கடந்த பெண்மணி வேலியடியில் குந்தியிருந்து இலை கிள்ளிக்கொண்டிருந்தார். பேர்த்தி பக்கத்தில் நின்றாள். அவர் அவளிடம் ஒரு காம்பைக் கொடுத்து இலைகளை எண்ணச் சொன்னார். அவள் மூன்று என்றாள். அடுத்த காம்பைக் கொடுத்தார். மகன் வந்து, பக்கத்துக் காணிக்காரர் முந்தநாள்தான் பற்றைக்குக் களைகொல்லி அடித்தவர் என்றார். அவர் கிள்ளிய அனைத்தையும் வேலிக்கு வெளியே கொட்டிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.